அம்மாவின் ஒருசந்தி

தவக்காலத்தில் அம்மா ஒருசந்தி இருப்பாள். ஒருவேளைதான் சாப்பாடு. போன வருடம் அந்த ஒருவேளையிலும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "வயிறு ரொம்பிடுச்சிடி, நீ துன்னு. புள்ளைக்குப் பால் ஊறணும்" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். கோயிலில் அவளுடைய நோன்பைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் அன்று அண்ணனூரில் எங்கள் வீட்டில் மட்டன் குழம்பு. ஒரு துண்டை மென்றவள் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள்.

"நாப்பது நாளு காயப்போட்டா இன்னா ஆவும்? ஆண்டவரே வந்து பரிமாறுனாலும் எறங்காது" என்றார் அப்பா. சிரித்தோம்.

வாந்தி நிற்காததால் கரையான்சாவடி மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி எடுத்தோம். கட்டி எதுவும் இல்லை என்றதும் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். ஆனால் பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கில் புற்றுநோய் இருந்தது. கட்டியே இல்லையே என்று மருத்துவரிடம் வாதாடினேன்.

"இதுல முக்கியமா ரெண்டு வகைம்மா. ஒண்ணு கட்டியா வளரும், ரத்தம் வழியா கல்லீரலுக்குப் போகும். சீக்கிரம் தெரிஞ்சா வெட்டி எடுத்துடலாம். அம்மாவுக்கு இன்னொண்ணு. செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இரைப்பைச் சுவருக்குள்ளயே பரவுது. சுவர் விறைச்சுப்போய் விரியாது. அதான் நாலு வாயிலயே நிறைஞ்சிடுது. அப்புறம் வயித்து உள்சவ்வுல விதை தூவின மாதிரி விழும்."

அங்கே விழுந்திருந்தால் இரைப்பையை எடுத்தும் பயனில்லை, காலமும் குறைவு என்றார். வயிற்றில் துளையிட்டுப் பார்த்தார்கள். விழுந்திருந்தது. அதன்பின் மருந்து மட்டும் ஏற்றினார்கள்.

நோன்பின் முதல் வாரமே கூட்டிப்போயிருந்தால்? அப்போதே பரவியிருக்கலாம் என்றார் மருத்துவர். பரவாமலும் இருந்திருக்கலாம் இல்லையா? இந்த வகை சில குடும்பங்களில் தொடரும் என்றும் சொன்னார். சீக்கிரம் பசி அடங்கினால் இப்போதெல்லாம் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தவக்காலம் வந்தது. அம்மா படுக்கையில் இருந்தாள்.

"நோயாளிக்கு ஒருசந்தி வேணாம்னுட்டாரு ஃபாதர். கஞ்சியக் கொண்டாடி, ஒரு கை பாக்கறேன்" என்றாள்.

குழந்தைக்குக் காய்ச்சிய கஞ்சியை ஊட்டினேன். இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதை விழுங்கவும் முடியாமல், என்னை நினைத்துத் துப்பவும் மனமில்லாமல், வாயிலேயே வைத்திருந்தாள்.

ஈஸ்டருக்கு அவள் இல்லை.

என் மகள் போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்கிறாள். தட்டை எடுத்துவிட வேண்டியதுதான். எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.