மாத்திரை அக்கா சேர்த்த கூட்டம்

காசநோய் மருந்தகத்தின் பின்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, ஒரு தண்ணீர்க் குடம், கவிழ்த்து வைத்த டம்ளர்கள். அங்கேதான் மாத்திரை அக்கா உட்காருவாள். நோயாளி அவள் கண்ணெதிரில் மாத்திரையை விழுங்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. பார்த்தால் மட்டும் போதாது என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் விழுங்கிய கையோடு ஏதாவது கேட்பாள். "பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" "வீட்டுக்காரர் சமாதானமாயிட்டாரா?" மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தவனால் நீட்டிப் பேச முடியாது.

"பேசறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீதான்" என்பார் அவள் கணவர்.

"நீங்க சும்மாவே பேசறீங்க. எனக்காவது காசு வருது."

அவளுக்கும் ஒரு காலத்தில் அந்த நோய் வந்ததுதான். மேஜைக்கு எதிரே கிடக்கும் நோயாளிகள் பெஞ்சில் ஆறு மாதம் உட்கார்ந்து மாத்திரை விழுங்கிப் பிழைத்தவள். கடவுள் தன்னை எழுப்பி விட்டதே இந்த மேஜைக்காகத்தான் என்று அவளுக்கு உறுதி. தினமும் மேஜையைத் துடைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்ட பிறகே மாத்திரை டப்பாவைத் திறப்பாள்.

மருந்தகம் நடப்பது வெளிநாட்டுப் பணத்தில். ஒருநாள் டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு அம்மா வர்றாங்க. ஒரு நோயாளியைக் குணமாக்க எந்த இடத்துல எவ்வளவு செலவாகுதுன்னு பார்ப்பாங்க. செலவுக்கேத்த பலன் இல்லாத இடத்துக்கு இனிமே பணம் வராது."

அக்காவுக்கு முதலில், தினமும் மாத்திரைக்கு வரும் கொத்தனார் முகம்தான் நினைவுக்கு வந்தது. மாத்திரை பாதிகூட முடியவில்லை, அதற்குள் "இருமல் நின்னுடுச்சு, இன்னும் எதுக்கு அக்கா?" என்று முனக ஆரம்பித்திருந்தான். இந்த இடத்தை மூடிவிட்டால் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூலியை விட்டுவிட்டு அவன் போகமாட்டான். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். இந்த மாத்திரைக்கு அடங்காத முரட்டு நோயாகவே வரும்.

கூட்டம் இல்லாத கடைக்கு யார் முதல் போடுவார்கள் என்று யோசித்தாள் அக்கா. டாக்டரம்மாவிடம் மூச்சு விடாமல், குணமாகிப் போனவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினாள். ஆட்டோக்காரர், தையல்காரர், காய்கறிக்கார அம்மா என்று எல்லாரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, அந்த அம்மா வரும் நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பெஞ்சு நிரம்பி, வாசல்வரை ஆள் நின்றது.

வெளிநாட்டம்மா வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆட்டோக்காரரிடம், "எவ்வளவு நாளாக வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

இடத்துக்குப் பெருமை சேர்க்க நினைத்த ஆட்டோக்காரர், "மூணு வருஷமா எனக்கு இந்த இடம்தான். விடவே மாட்டேன்" என்றார்.

தையல்காரர் விட்டுக்கொடுப்பாரா? "நான் அவருக்கும் முன்னாடி. எனக்கு இது அம்மா வீடு மாதிரி."

வெளிநாட்டம்மாவின் முகம் வாடியது. நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார்.

"அக்கா, குணமானவங்களை எதுக்கு உட்கார வச்சீங்க? ஆறு மாச மருந்தை வருஷக்கணக்கா கொடுத்தும் ஒருத்தரும் குணமாகலைன்னு அவங்க நினைக்கிறாங்க."

அக்கா அங்கே நிற்கவில்லை. நேராக உள்ளே போனாள்.

"அம்மா, கூட்டம் சேர்த்தது நான்தான். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவங்கெல்லாம் எப்பவோ நல்லாயிட்டாங்க. நிறைய பேரைப் பார்த்தா உங்களுக்கு மனசு நிறையும்னு நினைச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் வெளிநாட்டம்மா, "நான் பரிசோதித்துப் பார்க்கலாமா? தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்று கேட்டார்.

"இதுல தப்பு என்ன இருக்கு? எங்கேயோ யாரோ உழைச்ச காசு. நாளைக்கு மேலே இருக்கிற கடவுள் கேட்டா நானும்தான் பதில் சொல்லணும். நல்லாப் பாருங்க."

எல்லாருக்கும் சளி எடுக்க டப்பா கொடுத்துப் பின்பக்கம் வெட்டவெளியில் தள்ளித் தள்ளி நிற்க வைத்தார்கள். ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, இருமிப் பார்த்தார். வண்டி ஸ்டார்ட் ஆகாத சத்தம்தான் வந்தது.

"அண்ணே, இது எச்சி. இதை வச்சு நான் என்ன பார்க்கறது?" என்றார் சளி பரிசோதிக்கிறவர்.

"இருந்தாத் தரமாட்டேனா? உள்ளே சரக்கு இல்ல தம்பி."

"பேச்சு மட்டும் வருது, இருமல் வரலை பாரு" என்றார் காய்கறிக்கார அம்மா. அவர் டப்பாவும் காலிதான்.

வெளிநாட்டம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் கெட்டிக்காரி. இருமல் இல்லை என்பது மட்டும் போதாது என்று சொல்லி, மருந்து முடிந்தபோது இவர்களுக்குச் செய்த சளிச் சோதனையின் கண்ணாடித் தகடுகளைப் பெட்டியிலிருந்து தாமே எடுத்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் கிருமி இல்லை.

போகும்போது மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதைச் சொன்னார். "நான் பார்த்த இடங்களிலேயே இங்கேதான் குறைந்த செலவில் ஆள் குணமாகிறார். நடுவில் நிறுத்துகிறவர்கள் இங்கே குறைவு. நிறுத்தினவருக்கு மறுபடி கொடுக்கிற மருந்து பல மடங்கு விலை. பணம் தொடர வேண்டும் என்றுதான் எழுதப்போகிறேன். அடுத்த தடவை கூட்டம் வேண்டாம்."

"ஒரு ஈ காக்காகூட இருக்காதும்மா" என்றாள் அக்கா.

எல்லாரும் கலைந்த பிறகு கொத்தனார் மேஜைக்கு வந்தான். ஆட்டோக்காரர் முக்கி முக்கி இருமிப் பார்த்ததை அவன் மறைந்து நின்று பார்த்திருக்கிறான்.

"அந்த ஆளுக்கு நெஜமாவே என் நோய்தான் இருந்துச்சா அக்கா?"

"உன்னைவிட மோசம். சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவார்."

"நடுவுல நிறுத்தவே இல்லையா?"

"ஒருநாள்கூட இல்ல. திட்டிக்கிட்டே விழுங்குவார், ஆனா விழுங்குவார்."

கொத்தனார் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். போக எழுந்தவன் திரும்பி வந்தான்.

"நாளையிலேருந்து வேலை ரொம்பத் தூரத்துல. விடிஞ்சதும் வந்தா மாத்திரை கிடைக்குமா?"

"வா, கொடுக்கிறேன்" என்றாள் அக்கா.