ஏழாவது வரி

கண்களை இறுக மூடிக்கொண்டு ஃபிராங்க்ளின் கணினியைப் பேச விடுகிறார். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் குரல் அது. பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் சொல்லச் சொன்னால், "இங்கே, இங்கே, இங்கே" என்று ஆங்கிலத்தில் பதினோரு முறை சொல்லி ஓய்கிறது.

"கேட்டீங்களா? இதுல எதப் புடிச்சிக்கிட்டு எங்கங்க போறது? கண்ணு தெரியாதவங்க பாவம் இல்லீங்களா?"

பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை மாடி. ஒற்றை அறை. வயது நாற்பத்திரண்டு. பிழைப்புக்கு, கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். மிச்ச நேரமெல்லாம் சம்பளமில்லாத உத்தியோகம். சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளாமலே பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களை ஓட்ட உதவும் கருவித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. யார் யாரோ சேர்ந்து எழுதிய அதன் கையேட்டில் 'இங்கே' என்றிருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும், அது போய்ச் சேரும் பக்கத்தின் பெயரை வைக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகளைத் திருத்தி அனுப்பியாயிற்று.

அவரைப் பார்க்க வந்திருந்த என்னை, அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் நஞ்சம்மாள் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்: "வூட்ட வுட்டு எறங்கறதே இல்லீங்க. என்னா வேலைன்னு கேட்டா சிரிக்குது." ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்கு மட்டும் இறங்குவாராம். கடைசி பெஞ்சு. முடிந்ததும் முதல் ஆளாக வெளியே.

அனுப்பிய திருத்தங்களை மனிதர் எவரும் பார்க்கவில்லை. பதினான்கு நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், கேட்பாரற்றவை என்று ஒரு தானியங்கி நிரல் அவற்றை மூடிவிடும். அதனால் பதின்மூன்றாம் நாள் வந்ததும் ஃபிராங்க்ளினே அடியில் ஒரு வரி எழுதிவிடுகிறார்: 'இது இன்னும் தேவை.' அப்படி ஆறு வரிகள், ஆறும் அவர் பெயரில்.

"மூடுனா மூடிட்டுப் போவட்டும்னு வுட மனசு வரலீங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்று நான் கிளம்ப எழுந்தபோது திரையில் ஏழாவது வரி வந்தது. எழுதியவர் வேறொருவர். 'உங்கள் திருத்தங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாம் பக்கத்தில் ஒரு சந்தேகம். இருக்கிறீர்களா?'

ஃபிராங்க்ளின் விசைப்பலகையில் கை வைத்தார், எடுத்தார்.

"ஒரு நிமிசங்க" என்று எழுந்துபோய் முகம் கழுவினார். கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டார். படிய வாரித் தலை சீவிக்கொண்டு, திரைக்கு முன் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.