அஞ்சோட்டை வயர்

டேப்ரிக்கார்டரின் முதுகைத் தடவினால் ஐந்து சின்னத் துளைகள் விரல் நுனியில் ஜில்லென்று தட்டுப்படும். அரைவட்டமாக நிற்கும் அந்தத் துளைகளில் ஐந்து முள் வைத்த வயரைச் செருகி, மறுமுனையை ரேடியோவில் மாட்டினால்தான் சத்தம் வெளியே வரும். எங்கள் வீட்டில் அந்த வயருக்குப் பெயர் "அஞ்சோட்டை". கப்பலில் வேலை பார்த்த அப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த பெட்டி அது. கடிதம் எழுதுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். கேசட்டில் பேசித்தான் அனுப்புவார். வங்காளத்தில், பெஹாலா மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே இருந்த அந்த வருஷங்களில், அந்தக் குரலுக்காகவே நாட்களை ஓட்டினோம்.

எனக்குப் பதினோரு வயதான மழைக்காலத்தில் வீடு ஒழுகி, சாமான்களை இடம் மாற்றியதில் வயர் எங்கோ தொலைந்துபோனது. அந்த வாரம் பார்த்துக் கேசட் வந்தது. கீழ்வீட்டு வங்காளிக் காக்கிமாவிடம் டேப்ரிக்கார்டர் இருக்கிறதே, அங்கே கேட்போம் என்றேன்.

"உங்கப்பா நம்மகிட்ட பேசுததை ஊரு கேக்கணுமாக்கும்?" என்றாள் அம்மா.

"காக்கிமாவுக்குத் தமிழே தெரியாதேம்மா."

"பேச்சு புரியாட்டா என்ன, குரலு புரியும்லா?"

அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. கடைக்குப் போனால் நான்தான் அவளுக்கு வாய். ஆனாலும் பொறுக்கமாட்டாமல், அந்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, பஸ் ஏறித் தனியாகத் துறைமுகத்துப் பக்கம், கிடர்பூருக்குப் போய்விட்டாள். கப்பல் சாமான் விற்கும் கடையில் வயர்க் குவியலைக் காட்டி, "ஓட்டை, ஓட்டை" என்று சொல்லி ஐந்து விரலை விரித்திருக்கிறாள். வங்காளத்தில் "ஓட்டா" என்றால் "அது". கடைக்காரர் அவள் கை காட்டிய "அதையே" ஐந்து எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஐந்தும் மூன்று முள் வயர்கள்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? கீழ்வீட்டுப் பிள்ளைகளிடமும் போய்ச் சொன்னேன். மறுநாள் அம்மா படியிறங்கும்போது அவர்கள் "ஓட்டா! ஓட்டா!" என்று கத்தினார்கள். அம்மா நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

சனிக்கிழமை, பெட்டியின் முதுகில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, துளைகளை அச்செடுத்து எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அம்மா கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஐந்து முள்ளிலும் இரண்டு ஜாதி உண்டென்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று லாடம் மாதிரி வளைந்தது, இன்னொன்று அரைவட்டம். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்து, குவியலின் அடியிலிருந்து எங்களுடையதை உருவினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். "வர்ற இருபதாந்தேதி வியாழக்கிழமை கப்பல் கிடர்பூருக்கு வருது," என்றது அப்பாவின் குரல். "அரை நாளுதான், வீட்டுக்கு வர விடமாட்டான். மத்தியானம் ரெண்டு பேரும் துறைமுக டாக் கேட்டுக்கு வந்துருங்க. நான் வாசல்லயே நிப்பேன்."

அன்று தேதி இருபத்திரண்டு. அம்மா வியாழக்கிழமை மத்தியானம் நின்ற கடையிலிருந்து அந்தக் கேட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கேசட் ஓடி முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து வந்த அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "ஏன் வரல?"

"கேசட்டை லேட்டாத்தான் கேட்டோம்," என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இருட்டி," என்றாள். அன்று அவள் கிடர்பூரில்தான் இருந்தாள் என்று சொன்னால், "ஓட்டா" கதையையும் அல்லவா சொல்ல வேண்டும்? அப்பா "சரி, விடு" என்றார். அதற்குப் பிறகு அவர் கேசட் அனுப்பவில்லை. இரண்டு வரிக் கடிதங்கள் வந்தன.

இப்போது கைபேசியில் படம் பார்த்தே அந்த வயரை வாங்கிவிடலாம். லாடமா, அரைவட்டமா என்று அதுவே கேட்கிறது. பெஹாலா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தன்னைப் பார்க்க வர மனமில்லாத பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச்சேர்ந்தாரோ என்னவோ. அப்படியில்லை அப்பா, அம்மா பக்கத்தில்தான் இருந்தாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் அதன்பின் இருபது வருஷம் உயிரோடு இருந்தார்.