கடுகு மஞ்சள் பேக்கான்

எல்லோரும் மரியாதையாக 'கானும்', அதாவது 'அம்மா', என்று சேர்த்துக் கூப்பிட்டாலும் தூபா கானும் பெரிய மனுஷி இல்லை. லாலேஜார் மலையடிவாரத்தில், ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில் கம்பளம் நெய்துகொண்டிருந்தவள். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாற்பது வயது வரை ஒரு சைக்கிளைக்கூட ஓட்டியதில்லை. ஆனாலும் இன்று நான் மூச்சு விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு அவளும், கடுகு மஞ்சள் நிறத்தில் அவள் வைத்திருந்த பழைய பேக்கான் காரும்தான் காரணம்.

அவள் கணவர் மஷ்தி யதொல்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. டயாலிசிஸ் இயந்திரம் கெர்மான் நகரத்து ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது. சனி, திங்கள், புதன் என்று வாரம் மூன்று தடவை போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு கணவாய். ஊர் மினிபஸ் காலையில் கூட்டிப் போகும்; திரும்பி வரும்போது யாருக்காகவும் நிற்காது. இரண்டு மாதம் அப்படி அலைந்த பிறகு, மாற்றலாகிப் போகவிருந்த ஒரு வாத்தியாரிடமிருந்து தூபா கானும் அந்தக் காரை வாங்கினாள். வாங்கிய அன்று அதை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியது வாத்தியார்தான். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

"வாங்கினது சரி, யாரு ஓட்டுறது? ஆட்டுக்குட்டியா?" என்று யதொல்லா கேட்டாராம்.

"நீங்க உக்காருங்க போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

காய்ந்த ஆற்றுப் படுகையில் போய்ப் பழகினாள். ஊரே கரையில் நின்று சிரித்தது. குளிர் வருவதற்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

எனக்கும் அந்த வியாதி வந்தபோது வயது இருபத்திரண்டு. என் பெயர் மெஹ்ரி. செய்தி தெரிந்த மறுநாளே தூபா கானும் எங்கள் கதவைத் தட்டினாள். "பின் சீட்டுல இடம் இருக்கு. சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி ரெடியா இரு." அவ்வளவுதான் பேச்சு. பின் சீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், ஷொக்ரொல்லா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கண் மங்கி, சிறுநீரகமும் போய், இப்போது ஒரு பெண் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார வேண்டியதாகிவிட்டதே என்று வழி முழுக்கப் பொருமுவார்.

"தங்கச்சி, மூணாவது கியர் போடு. எஞ்சின் அழுவுது, காது கேக்கலையா?"

"எஞ்சின் அழுவல அண்ணே. நீங்க பேசறதைக் கேட்டு அதுக்குத் தலைவலி."

"நான் பந்தர் துறைமுகத்துக்கு சிமென்ட் ஏத்திட்டுப் போனப்ப நீ தொட்டில்ல கிடந்த!"

"அப்பவாவது நிம்மதியாத் தூங்கினேனே!"

யதொல்லா முன் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். பேச்சு குறைந்த மனிதர். சொல்வது ஒன்றிரண்டுதான், ஆனால் அது நிற்கும். ஜூலை மாதம் கணவாய் ஏறும்போது வண்டி சூடாகும். சூட்டை எஞ்சினிலிருந்து இழுக்க தூபா கானும் ஹீட்டரைத் திறந்துவிடுவாள். வெளியே நெருப்பு, உள்ளே அடுப்பு. எங்கள் மூவருக்கும் தண்ணீர் அளந்துதான் குடிக்க அனுமதி. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவள் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, எஞ்சின் பக்கத்தில் கொதிக்கும் சின்ன பெட்ரோல் பம்ப்பின் மேல் துணியைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவாள். யதொல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"தூபா, அடுத்த பிறவியில நான் உன் பெட்ரோல் பம்ப்பாப் பொறக்கறேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஷொக்ரொல்லாவுக்குப் புரையேறிவிட்டது.

நாங்கள் இயந்திரத்தில் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் மற்ற நோயாளிகளின் வீட்டார் வராந்தாவில் ஜெபமாலை உருட்டுவார்கள். தூபா கானும் தெருவைக் கடந்து உஸ்தா மெஹ்ரபானின் கார் பட்டறைக்குப் போய்விடுவாள். அவர் ஜொராஸ்திரிய மதத்தவர், சாந்தமான கிழவர். முதலில் ஒரு ஸ்டூல் போட்டு டீ கொடுத்து உட்கார வைத்தாராம். பிறகு ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கச் சொன்னார். அடுத்த வருஷம் அவரே, "கானும், உங்க வண்டியை நீங்களே பிரிச்சு மாட்டுங்க, நான் டீ குடிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பிளக் சுத்தம் செய்வது, பாயிண்ட் இடைவெளி பார்ப்பது, பிரேக் லைனிங் மாற்றுவது எல்லாம் கைவந்துவிட்டது. எங்கள் கையில் ஊசி குத்தின கறுப்பு. அவள் கையில் கிரீஸ் கறுப்பு. ஊரில் மற்றவர்களின் வண்டி மக்கர் செய்தால் தள்ளிவிடலாம், நாளைக்குப் பார்க்கலாம். எங்கள் வண்டிக்கு அந்த நாளை கிடையாது. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை, ஊர் முழுக்கச் சாப்பாட்டுக் கூடையோடு தோப்புக்குப் போயிருக்கும்போது, அவள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பாள். காலணி மட்டும் வெளியே தெரியும்.

மூன்றாவது குளிர்காலத்தில் அந்தப் பனி விழுந்தது.

வியாழக்கிழமை தொடங்கி விடவே இல்லை. சனிக்கிழமை கணவாய் மூடியிருந்தது. ஞாயிறும் அப்படித்தான். என் முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. யதொல்லாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து, ஊதிய உதட்டோடு உட்கார்ந்தே இருந்தார். தொலைபேசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படியாவது வந்துவிடுங்கள் என்றார்கள். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டருக்கு வழியில்லை.

திங்கட்கிழமை காலை பனி நின்றது. தூபா கானும் சக்கரங்களில் சங்கிலி கட்டினாள். யதொல்லாவைக் கம்பளியில் சுற்றி முன் சீட்டில் வைத்தார்கள். ஷொக்ரொல்லா அன்று கியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார்; பிரார்த்தனையாக இருக்கும்.

கணவாயின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் மலைச்சரிவிலிருந்து பனி சரிந்து சாலையை மறித்திருந்தது. இடுப்பளவு உயரம், இரண்டு லாரி நீளம். அதற்கு அந்தப் பக்கம் சாலை வெட்டிச் சுத்தமாக இருந்தது. பனி அள்ளும் வண்டி பழுதாகி அங்கேயே நின்றது. சரி செய்ய ஆள் வர மாலையாகும் என்றார்கள். லாரி டிரைவர்கள் சரிவின் மேல் நடந்து நடந்து ஒரு தடம் மட்டும் கெட்டிப்படுத்தியிருந்தார்கள்.

தூபா கானும் இறங்கிப் போனாள். அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த டிரைவர்களிடம் பேசினாள். கண்ணாடியை இறக்கியிருந்ததால் எனக்குக் கேட்டது.

"அண்ணனுங்களா, என் வண்டியில மூணு நோயாளிங்க. இவங்க இன்னைக்குப் போகலைன்னா..." அவள் காரைக் கை காட்டினாள்.

தாடி வைத்த ஒரு பலூச்சி டிரைவர் எங்கள் காரை எட்டிப் பார்த்தார். "இது அந்த மஞ்சள் வண்டிதானே? வாரத்துக்கு மூணு தடவை போகுமே, ரத்தம் கழுவ?"

"அதேதான்."

"தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டா?"

"அவரைத் தூக்கலாம். ஆனா அந்தப் பக்கம் வண்டி ஏதும் இல்லையே, அண்ணே."

அவர் மலையைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னார்: "அவரை யாரு சொன்னது? வண்டியைச் சொல்றேன்."

லாரி லாரியாகக் கதவுகள் திறந்தன. கெர்மான்காரன், பலூச்சி, ஷிராஸ்காரன், துருக்கி பேசுபவன் என்று ஆட்கள் இறங்கி வந்தார்கள். தார்ப்பாய்களைத் தடத்தில் விரித்தார்கள். சரக்கு கட்டும் கயிறுகளைக் காருக்கு அடியில் கொடுத்து இழுத்தார்கள். நானும் ஷொக்ரொல்லாவும் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தோம்.

"உக்காரும்மா! நீ இறங்கினா என்ன, ஒரு கோழி எடை குறையுமா?"

"நான் லாரிக்காரன்டா!" என்றார் ஷொக்ரொல்லா. "நான் உள்ள உக்காந்திருக்க, நீங்க சுமக்கறதா?"

"அப்ப இன்னும் நல்லது, பெரியவரே. எங்க ஆளு. பேசாம உக்காருங்க."

இரண்டு பக்கமும் தோளோடு தோள் சேர்ந்து குனிந்தார்கள். "யா அலி!" என்று ஒரே குரல் எழுந்தது. கார் தரையை விட்டது.

அதை எப்படிச் சொல்வது? நான் உட்கார்ந்திருந்த சீட் மெதுவாக மேலே போனது. சக்கரத்தின் சத்தம் இல்லை, எஞ்சினின் சத்தம் இல்லை. மனிதர்கள் மூச்சு விடும் சத்தம் மட்டும். ஜன்னலுக்கு வெளியே சிவந்த முகங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, மீசையில் பனி உறைந்து. நாலைந்து அடி நகர்ந்து இறக்குவார்கள். மூச்சு வாங்குவார்கள். மறுபடி "யா அலி!" அவர்களுக்கு நடுவில், பின் பம்பரில் தோளைக் கொடுத்து, போர்த்தியிருந்த சாதரை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, தூபா கானும். யாரும் அவளைத் தள்ளிப் போ என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது நோய் ஞாபகத்திலேயே இல்லை. பெயர் தெரியாத இத்தனை பேரின் கைகளில், ஒரு மலையின் மேல், நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் இறக்கியதும் யதொல்லா கண்ணாடியை இறக்கினார். மூச்சு திணறத் திணறச் சொன்னார்: "என் கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கல, பசங்களா."

அவர்கள் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூபா கானும் சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே உறுமியது. பலூச்சி டிரைவர் கூரையில் இரண்டு தட்டு தட்டி அனுப்பினார். மதியத்துக்குள் மூவரும் இயந்திரத்தில் இருந்தோம். ஷொக்ரொல்லா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "முப்பது வருஷம் அந்த ரோட்டுல ஓட்டினேன், மெஹ்ரி. இப்படி ஒண்ணை நான் பாக்கல" என்றார்.

யதொல்லா அதன்பின் இரண்டு வசந்தங்களைப் பார்த்தார். ரோஜா பறிக்கும் காலத்தில், ஒரு வியாழக்கிழமை மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். வெள்ளியன்று அடக்கம். அன்று முழுக்க அவள் வீட்டில் ஹல்வா கிளறும் வாசனையும் குர்ஆன் ஓதும் சத்தமும். சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று எங்களுக்குக் கேட்க வாய் வரவில்லை. அப்பா யாரிடமோ ஜீப்புக்குச் சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை விடியலில் வழக்கமான நேரத்தில் வாசலில் ஹார்ன் அடித்தது. கறுப்பு உடையில் அவள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஷொக்ரொல்லா ஏற்கெனவே பின்னால் இருந்தார். நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நகரவில்லை.

"யாராவது ஒருத்தர் முன்னாடி வாங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "என்னால காலி சீட்டைப் பாத்துக்கிட்டு ஓட்ட முடியாது."

ஷொக்ரொல்லா இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குள் நுழைவது போல அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிக் கணவாயை நெருங்கியது. ஏற்றம் தொடங்கியபோது அவள்தான் கேட்டாள்: "என்னண்ணே, இன்னைக்கு கியர் பத்தி ஒண்ணும் சொல்லல?"

"சரியாத்தான் ஓட்டுற, தங்கச்சி" என்றார் அவர்.

அவள் அப்போதுதான் அழுதாள். அழுதபடியே வளைவுகளில் வண்டியை ஒடித்துக்கொண்டு ஏறினாள்.

அடுத்த வருஷம் என் அண்ணன் எனக்குச் சிறுநீரகம் கொடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டி வந்தது தூபா கானும்தான். வேறு யாரையும் விடவில்லை. உச்சிக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன சித்தி, வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

இறங்கி நின்றாள். நானும் மெதுவாக இறங்கினேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ரோஜாத் தோட்டங்கள் இளஞ்சிவப்பாக விரிந்திருந்தன. அதற்கு அப்பால் ஹெஸார் சிகரம், வெள்ளையாக, ஆகாயத்தின் பாதியை அடைத்துக்கொண்டு. காற்றில் மணம் ஏறி வந்தது. அவள் சாதரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் இங்கயேவா இருந்துது?" என்றாள் கடைசியில். "இத்தனை வருஷமா நான் ரோட்டை மட்டும்தான்டி பாத்தேன்."