பரவாயில்லீங்க என்று சொல்லி ஏறிய மிஷின்கள்

பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே செய்கிற வேலை. வலது முட்டி வீங்க ஆரம்பித்தபோது, எடையைக் குறைத்தால்தான் இந்த வேலையில் நீடிக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். முடியவில்லை என்றால் கம்பெனி கேட்டில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு லேத்தை விட்டால் வேறு என்ன தெரியும்?

பெரியநாயக்கன்பாளையத்தில் பேக்கரிக்கு மேலே இருக்கிற ஜிம்மில் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். என் வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை.

“நடக்கறதுக்கு ரோடு கெடக்குது. நின்ன எடத்துலயே நடக்கறதுக்கு எதுக்குங்க மாடி ஏறிப் போறீங்க?” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாடியில் கண்ணாடிச் சுவரை ஒட்டி மிஷின்கள் வரிசையாக நின்றன. முதல் நாள் ஜிம் மாஸ்டர் என்னை ட்ரெட்மில்லில் ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “எப்படி இருக்குதுங்ணா?” என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது, முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. ஆனால் அக்கறையாக வந்து கேட்கிற மனிதரிடம் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? “பரவாயில்லீங்க” என்றேன். எங்கள் பக்கம் யார் கேட்டாலும் அதுதான் பதில். காய்ச்சலில் படுத்திருப்பவனும் அதைத்தான் சொல்வான். மாஸ்டர் வெளியூர்க்காரர். பேச்சில் ‘ங்ணா’வைச் சேர்த்துக்கொள்ளக் கற்றிருந்தார், இந்தப் பதிலின் அர்த்தத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. சந்தோஷமாக வேகத்தைக் கூட்டி, ஏற்றத்தையும் ஒரு படி உயர்த்திவிட்டுப் போனார்.

அடுத்த தொல்லை, மற்றவர்கள். நான் ஏறி உடம்பு சூடாகும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். இறங்கு என்று சொல்ல மாட்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “இன்னும் நேரம் ஆகுங்களா?” என்று மட்டும் கேட்பார்கள். “இல்லீங்க, நீங்க ஏறுங்க” என்று நான் இறங்கிவிடுவேன். இப்படியே இறங்கி இறங்கி அங்கிருந்த எல்லா மிஷினிலும் ஏறிவிட்டேன்.

ஆகவே எந்த மிஷின் உடம்பை என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியும். ட்ரெட்மில்லில் வியர்வை கொட்டும். ஆனால் ஒவ்வொரு அடியும் முட்டியில்தான் விழும். கைப்பிடியும் கால்பலகையும் சேர்ந்து ஆடுகிற கிராஸ் ட்ரெயினரில் பாதம் பலகையை விட்டு எழும்பாது. அதனால் முட்டிக்கு அடி இல்லை, தொடை மட்டும் எரியும். துடுப்புப் போடுகிற மிஷினில் முதுகும் தோளும் நன்றாக வேலை செய்யும். தரையோடு ஒட்டிய அந்தச் சீட்டிலிருந்து எழுந்திருக்கத்தான் இன்னொரு ஆள் வேண்டும். சைக்கிளில் வியர்வை குறைவு. ஆனால் அதிலிருந்து இறங்கும்போது மட்டும் முட்டி லேசாக இருந்தது.

மற்றவர்களுக்கு இதெல்லாம் பேச்சே இல்லை. மிஷின் காட்டுகிற கலோரி நம்பரைத்தான் பார்ப்பார்கள். ட்ரெட்மில் அதிகம் காட்டுகிறது, சைக்கிள் குறைவாகக் காட்டுகிறது என்று தினமும் வாக்குவாதம். நம் எடையைப் பதியாவிட்டால் அது தானாக ஒரு எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் என்று மாஸ்டரே ஒருநாள் சொன்னார். யாரும் பதிந்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு ஆளின் எடைக்கு வந்த நம்பரை வைத்துக்கொண்டு இவர்கள் சண்டை போட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த மிஷினுக்குப் போய்விடுவேன்.

முட்டி முன்பைவிட அதிகமாக வீங்கியது. டாக்டரிடம் போனேன். எந்த மிஷின் என்று கேட்டார். எல்லாம் என்றேன், ட்ரெட்மில்லில் ஏற்றம் வைத்ததையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏத்தம் வெச்சு நடக்கச் சொன்னது யாருங்க? சீட்டை ஒசத்தி வெச்சு சைக்கிள் மட்டும் மிதிங்க. பெடல் லோடு கம்மியா இருக்கட்டும். அடுத்த மாசமும் இப்படியே வந்தீங்கன்னா நிக்கற வேலைய விட்டுர வேண்டியதுதான்.”

மறுநாள் சைக்கிளில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் துண்டோடு வந்து நின்றார். நேரம் ஆகுங்களா என்று வழக்கம்போலக் கேட்டார். என் கால் தானாகவே நின்றுவிட்டது. கம்பெனி கேட்டும் அந்த நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“ஆகுங்க,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், “இன்னும் ரொம்ப நேரம் ஆகுங்க” என்றேன்.

“செரிங்க,” என்று அவர் ட்ரெட்மில் பக்கம் போய்விட்டார். கோபமில்லை, முகச்சுளிப்பில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள் முட்டியைத் தேய்த்தேன்!

மாஸ்டரும் வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டபடியே லோடு பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“வலிக்குதுங்க. கொறைங்க.”

அவர் கை நின்றது. குறைத்தார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்ணா?” என்றார்.

மிதித்துக்கொண்டே இருந்தேன்.