என் பாய் கிடந்த இடத்துத் தூசி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காளவாசல் பக்கம் ஒரு சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறேன். என் பேரனுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. வீட்டில் தூசியும் கெமிக்கலும் ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே, மருமகள் பினாயில், கொசுவத்தி, சாம்பிராணி எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். விளக்குமாறு போட்டால் தூசி பறக்கும் என்று ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். எலுமிச்சைத் தோலை வினிகரில் ஊறப்போட்டு வடிகட்டி, ஜன்னலுக்கும் கதவுக்கும் அதுதான். துணி துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். மெத்தை தினமும் மாடியில் காயும். பிள்ளைக்கு இழுப்பு பாதி குறைந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் தேடினார்கள்.

ஒருநாள் காலை நான் பாயைச் சுருட்டியதும், படுத்த இடத்தை மருமகள் வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணி சாம்பல் நிறமானது. அதை என் மனைவியிடம் நீட்டினாள்.

"பாருங்க அத்தை. நேத்துதான் துடைச்சேன். அம்புட்டும் மாமா மேல இருந்து கொட்டுனது."

"இந்த மனுசன உதறுனா ஒரு செவரே எழுப்பலாம்டி" என்றாள் என் மனைவி.

மகனும் சிரித்தான். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றி வாளியில் போட்டேன். வெளிக்குழாயில் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அப்படியும் துணி சாம்பலாகவே வந்தது. மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"யப்பா, கொஞ்ச நாள் மாடிப்படிக்கு அடியில படுத்துக்க. பிள்ளைக்காகத்தான்."

சரி என்றேன். அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு படிக்கு அடியில் போனேன்.

அந்த வாரமே பேரன் இழுப்பில்லாமல் தூங்கினான். மருமகள் பக்கத்து வீட்டில் சொன்னது படிக்கு அடியில் கேட்டது.

"மாமாவ வெளிய போட்டோம். சரியாப் போச்சுக்கா."

அது பொய்யாக இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் பேரன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினான். விரலைப் பிடித்தேன். மருமகள் ஓடிவந்து அவன் கையைக் கழுவினாள். பிறகு கம்பியை வினிகர் போட்டுத் துடைத்தாள்.

"கழுவுனாலும் உங்க நகத்துக்குள்ள நிக்கும் மாமா. திரும்ப ஆரம்பிச்சா யாரு பார்க்குறது?"

இப்போது அந்த வினிகர் பாட்டில் ஜன்னலுக்கு வெளியே எனக்காக இருக்கிறது. வேலை முடிந்து வந்து குளித்ததும் கம்பியைத் துடைக்கிறேன். பிறகு எட்டி நிற்கிறேன். பேரன் கையை நீட்டும்போது என் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

ஐப்பசி பத்து, ஞாயிற்றுக்கிழமை.