பத்து வாக்கியத் தாய்

எங்கள் தமிழய்யாவை எனக்குப் பிடிக்காது. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில், ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பத்தி எழுதும் பயிற்சி. பயிற்சி என்று பேர்தானே தவிர, நாங்களாக எழுதியது ஒரு வரி கிடையாது. ஐயா கரும்பலகையில் பத்து வாக்கியம் எழுதுவார். இருபது நிமிஷம் மனப்பாடம் பண்ண வேண்டும். பிறகு அழித்துவிடுவார். பத்தையும் நினைவிலிருந்து நோட்டில் இறக்க வேண்டும். விட்டுப்போன வாக்கியத்துக்கு ஒன்று வீதம் உள்ளங்கையில் அடி. பதினொன்றாவதாகச் சொந்தத்தில் ஒன்று சேர்த்தால் அதற்கும் அடி. 'எங்கள் ஊர்' பத்தியில் வகுப்பில் இருந்த அத்தனை பேர் ஊரிலும் ஒரே ஆறு சலசலவென்று ஓடியது. எங்கள் பக்கம் ஆறு எங்கே இருக்கிறது? கண்மாய் நிறைந்தாலே அதிசயம்.

எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். வாசித்தாயா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட அப்பா இல்லை. ஆத்தாவுக்குக் கைநாட்டுதான். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. அப்பா செத்த முப்பதாம் நாள் சித்தப்பா ஒரு காகிதத்தை நீட்டி, "கெணத்துப் பங்குக்குத்தான், ஒரு நாட்டு வைங்க மதினி" என்றார். ஆத்தா வைத்தாள். நாங்கள் கடலை போடும் கொல்லை அவர் பேருக்குப் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் காகிதமானாலும் முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்று பட்டால்தான் கட்டைவிரலை மையில் தொடுவாள். ஆற்றுப் பத்திக்கு மட்டும், "எங்கிட்டாச்சும் ஓடிட்டுப் போகட்டும்" என்று வைத்துக் கொடுத்தாள்.

எட்டாம் வகுப்புக்கு அப்போது அரசாங்கப் பரீட்சை உண்டு. பத்தி நோட்டு முழுசாக இல்லாதவர்கள் பேரை அனுப்ப முடியாது என்று ஐயா சொல்லியிருந்தார். பேர் போகாவிட்டால் எனக்குப் படிப்பு அதோடு சரி. மறுநாளே ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது 'என் தாய்' வந்தது. பத்தையும் பிசகாமல் எழுதினேன். வீட்டுக்கு வந்து வாசித்தேன். 'என் தாய் அதிகாலையில் நீராடித் திலகமிட்டு என்னை அன்புடன் எழுப்புவார். பசும்பாலைக் காய்ச்சித் தருவார். மாலையில் என்னை மடியில் அமர்த்தி நற்கதைகள் கூறுவார். என் தாய் ஒருபோதும் சினம் கொள்ளமாட்டார்.'

ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு புள்ள இவ?"

"நீதான் ஆத்தா."

"நான் எப்பப் பாலு காச்சுனேன்? நேத்துக்கூட ஒன்னய வெளக்கமாத்தால அடிச்சேனே."

"சும்மா எழுதுறதுதான். நாட்டு வச்சுக் குடு."

"சும்மா சும்மான்னுதான் கொல்ல போச்சு. எவளோ ஒருத்திக்கு நான் எப்படி நாட்டு வக்கிறது? என்னய எழுது, வக்கிறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் வேறொன்று எழுதினேன். என் தாய் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். விடியுமுன் போய்விடுவதால் நானே எழுந்துகொள்வேன். கொட்டையிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகளில் தோல் தங்காது. சோற்றைப் பிசையும்போது எரியும் என்பதால் கரண்டியால் சாப்பிடுவாள். கோபம் வந்தால் அடிப்பாள், பிறகு பேசாமல் எனக்குத் தலை வாரிவிடுவாள். எத்தனை வாக்கியம் என்று எண்ணவில்லை. வாசித்து முடித்ததும் ஆத்தா விரலை மையில் தொட்டு அழுத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை ஐயா நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"தாயப் பத்தி எழுதச் சொன்னா கூலிக்காரியப் பத்தி எழுதியிருக்கு. இது என்ன? மையக் கொட்டி வச்சிருக்க. ரேக எங்க?"

"கொட்ட ஒடச்சு ரேகயெல்லாம் போயிருச்சுங்கய்யா."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்பு மையால் கோடு இழுத்தார். ஆத்தாவின் கைநாட்டின் மேலேயும் அது போனது. பிறகு கையை நீட்டச் சொன்னார். "நாளைக்குப் பத்து வாக்கியமும் ஒழுங்கான நாட்டும் வரணும். இல்லன்னா லிஸ்ட்ல ஒம் பேரு இருக்காது."

ஆத்தாவிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஐயாவின் பத்து வாக்கியத் தாயைப் புதுப் பக்கத்தில் எழுதினேன். அடியில் என் கட்டைவிரலை வைத்தேன்.

மறுநாள் ஐயா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுதான் நாட்டு. ரேக எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்றார். லிஸ்டில் என் பேரும் போயிற்று. பரீட்சையிலும் 'என் தாய்' வந்தது. பாலைக் காய்ச்ச வைத்து, மடியில் உட்கார்ந்து, பத்தையும் எழுதிவிட்டு வந்தேன்.

தேறிய செய்தி வந்த அன்று ஆத்தா கேட்டாள். "நான் நாட்டு வச்சேனே, அந்தக் காயிதத்துக்கு ஒங்க வாத்தியாரு என்ன சொன்னாரு?"

உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். அன்றும் உரிந்திருந்தது.

"நல்லா இருக்குன்னாங்க ஆத்தா."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே போய், கூலியோடு கிடைத்த முந்திரிக் குருணையை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தாள். வீட்டில் பொங்கலுக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"ஒங்க வாத்தியாருகிட்டக் குடு. உள்ளத உள்ளபடி எழுதுனா ஒத்துக்கிற மனுசன் அவரு. ஒன் சித்தப்பன் மாதிரி இல்ல."

கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எதிரிலேயே முடிச்சை அவிழ்த்து இரண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆத்தா சாகும்வரை அவரைப் பெருமையாகத்தான் பேசினாள். அவர் செத்த செய்தி வந்தபோது, துக்கத்துக்குப் போயிட்டு வா என்று என்னை அனுப்பினாள். சித்தப்பா அவளை ஏமாற்றியது ஒரு தடவை. அவள் பெருமை பேசிய ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.